மூலம் யாது எனக் கேளாத கேடு



கி.பி. 1348ஆம் ஆண்டில் ஐரோப்பாக் கண்டத்தைக் கொள்ளைநோய் சூறையாடியது. கருஞ்சாவு என்று பிற்காலத்தார் பெயரிட்ட அந்நோய் கப்பல்களின் வழியே தென்கரைத் துறைமுகங்களில் இறங்கி, வணிகப் பாதைகளைப் பற்றிக்கொண்டு உள்நாடு புகுந்தது. மாண்டோரைப் புதைப்பதற்கு ஆளில்லாத ஊர்கள் பல. நோயின் காரணம் மருத்துவருக்கும் தெரியவில்லை, மதகுருமாருக்கும் தெரியவில்லை. அந்த இருட்டில் ஒரு கதை பிறந்தது. கிறித்தவர்களை அழிக்கக் கருதிய யூதர்கள் ஒன்றுகூடிச் சதி செய்து, கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டனர் என்பதே அக்கதை.

கதை கதையாகவே நின்றிருந்தால் ஒருவேளை நாளடைவில் மறைந்திருக்கும். அதற்கு ஓர் ஆவணம் வாய்த்தது. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள ஷில்லோன் கோட்டையில் யூதர் சிலர் சிறைப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளாயினர். வலி தாளாமல் அவர்கள் கூறியவை வாக்குமூலமாக எழுதப்பட்டன. அவ்வாக்குமூலத்தின் படி ஸ்ட்ராஸ்பர்க் நகர மன்றத்திற்கு அனுப்பப்பட்டது. வதந்தியாகக் காற்றில் திரிந்தது இப்போது காகிதமாகக் கைக்குக் கை சென்றது. அதைப் படித்தோருள் பெரும்பாலோர், இன்ன இடத்தில் இன்னார் நஞ்சு கலந்தனர் என்னும் செய்தியையே கண்டனர். அச்சொற்கள் எவ்வாறு பெறப்பட்டன என்று வினவினோர் சிலரே.

அச்சிலருள் ஒருவர், அவிக்னான் நகரில் வீற்றிருந்த போப்பாண்டவர் ஆறாம் கிளெமெண்ட். யூத சமயத்தின்பால் அவருக்குப் பற்று இருந்திருக்க வழியில்லை. ஆயினும் 1348இல் அவர் வெளியிட்ட ஆணையில் ஓர் எளிய வாதத்தை முன்வைத்தார். இந்நோயால் யூதர்களும் மாள்கின்றனர். யூதர் ஒருவர்கூட வாழாத நாடுகளிலும் மக்கள் இதே நோயால் மாள்கின்றனர். அங்ஙனமிருக்க, யூதர் இதற்குக் காரணராதல் எங்ஙனம் என்பதே அவர் வாதம். அதற்கு எவரும் விடை கூறவில்லை. விடை கூறாமலேயே கொலை தொடர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் யூதரைக் காக்க முயன்ற நகர மன்றத்தைத் தொழிற்குழுவினர் கவிழ்த்தனர். 1349 பிப்ரவரி 14ஆம் நாள் நூற்றுக்கணக்கான யூதர், அவர்களுடைய இடுகாட்டிலேயே எழுப்பப்பட்ட மேடையில் தீயிடப்பட்டனர். அன்றுவரை அந்நகருக்குக் கொள்ளைநோய் வந்து சேரவேயில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நோய் வருமுன்னரே நோய்க்குத் தண்டனை நிறைவேறியது. யூதரிடம் பட்ட கடன்கள் யாவும் ரத்தாயின. பணமே அவர்களைக் கொன்றது என்று அந்நகர வரலாற்றை எழுதியவர் ஒருவரே பின்னர்க் குறித்து வைத்தார்.

நோயின் உண்மைக் காரணமான கிருமியை 1894இல் ஹாங்காங் நகரில் அலெக்ஸாண்டர் யெர்சின் என்பார் கண்டறிந்தார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுதலை 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் நிறுவினார். கிணறுகள் குற்றமற்றவை என்பதை உலகம் ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஐயமின்றி அறிந்தது. ஆனால் அதற்குள் சதிக் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது.

அவ்வுருவத்தின் வரலாறு ரஷ்யப் பேரரசில் தொடங்குகிறது. பெஸ்ஸரேபியாவின் தலைநகரான கிஷினேவில் பாவெல் குருஷெவான் என்பவர் ஒரு நாளிதழ் நடத்திவந்தார். 1903ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அருகிலிருந்த ஒரு சிற்றூரில் சிறுவன் ஒருவன் கொலையுண்டு கிடந்தான். யூதர்கள் தம் பண்டிகைக்காகக் கிறித்தவச் சிறுவனின் குருதியை எடுத்தனர் என்னும் பழம்பழியை அவ்விதழ் மீண்டும் எழுப்பியது. உண்ணும் விலங்கின் குருதியைக்கூட உணவில் விலக்கவேண்டும் என்று விதித்து, இறைச்சியை உப்பிட்டு அதனை வடித்த பின்னரே சமைக்கும் ஒரு சமயத்தார்மீது இப்பழி சுமத்தப்பட்டது என்பதை எண்ணினால், கதை கட்டுவோர் தாம் பழிக்கும் மக்களைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். சிறுவனைக் கொன்றவர் அவனுடைய உறவினரே என்பது விசாரணையில் தெரிந்தது. ஆனால் பழி அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், ஈஸ்டர் திருநாளன்று தொடங்கி இரண்டு நாள்கள் நடந்த கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

அதே குருஷெவான், அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தாம் நடத்திய ‘ஸ்நாமியா’ என்னும் நாளிதழில் ஒரு தொடரை வெளியிட்டார். அதுவே பின்னாளில் ‘சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1905இல் செர்கேய் நீலுஸ் என்னும் சமய எழுத்தாளர் அதனைத் தம் நூலின் பிற்சேர்க்கையாக அச்சிட்டார். யூதத் தலைவர் ஒருவர் தம் கூட்டத்தாரிடம் மறைவாகப் பேசிய 24 பேச்சுகளின் பதிவு என்பது அதன் தோற்றம். பத்திரிகைகளை வளைத்து, பொன்னைக் குவித்து, அரசுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, முடிவில் உலகம் முழுவதையும் தம் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்வதற்கான திட்டம் அதில் விரிகிறது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழகிய எவரும் ஓர் ஆவணத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பவை சில உண்டு. எழுதிக்கொடுத்தவர் யார், தேதி எது, ஊர் எது, சாட்சிகள் யாவர், மூலப் பத்திரம் எங்கே என்பன அவை. இக்குறிப்புகளில் பேசியவருக்குப் பெயரில்லை. தேதியில்லை. கூட்டம் நடந்த ஊரும் நூலினுள் இல்லை. எம்மொழியில் பேசப்பட்டது என்பதும் தெளிவில்லை. மூலப்படியைக் கண்டவர் என ஒருவரும் முன்வரவில்லை. அது கிடைத்த வகை பற்றியோ, வெவ்வேறு கதைகள் உலவின. பிரான்சில் கிடைத்தது என்றது ஒரு கதை. மேசன் இயக்கத் தலைவர் ஒருவரிடமிருந்து ஒரு பெண்மணி களவாடினார் என்றது மற்றொன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1897இல் கூடிய முதல் சீயோனிய மாநாட்டின் மறைமுகப் பதிவே இது என்று நீலுஸ் 1917ஆம் ஆண்டுப் பதிப்பில் கூறினார். அம்மாநாடோ பத்திரிகையாளர்கள் அமர்ந்திருக்க வெளிப்படையாக நடைபெற்றது. அதன் நடவடிக்கைகள் முழுமையாக அச்சிடப்பட்டும் உள்ளன. ஒரே சொத்துக்கு மூன்று தாய்ப்பத்திரம் காட்டுபவரை ஊரார் என்னவென்று கருதுவர்?

ஆயினும் ரஷ்யப் புரட்சிக்குப்பின் மேலை நாடுகளுக்கு ஓடிவந்தோரின் பெட்டிகளில் அந்நூலும் வந்தது. பேரரசுகள் சரிந்து, விலைவாசி ஏறி, உலகம் தலைகீழாகப் புரண்டதைக் கண்ட மக்களுக்கு அதற்கெல்லாம் காரணமானவர் யாரேனும் இருத்தல் வேண்டும் எனத் தோன்றிற்று. 1920இல் அது ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவ்வாண்டு மே 8ஆம் நாள் லண்டன் ‘டைம்ஸ்’ இதழ் அதைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டு, விசாரணை வேண்டும் என்றது. இது போலியாயின் இத்துணைப் பொருத்தமான முன்னறிவிப்பு எங்கிருந்து வந்தது என்பது அக்கட்டுரையின் வினா. அமெரிக்காவில் மோட்டார் வாகன உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு, தமக்குச் சொந்தமான ‘டியர்பார்ன் இண்டிபெண்டண்ட்’ வார இதழில் 1920 மே 22 முதல் தொடர்ந்து 91 இதழ்களில் யூதரைத் தாக்கிக் கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றுக்கு அடித்தளம் இக்குறிப்புகளே. கார் விற்பனை நிலையங்கள் வழியாகவும் அவ்விதழ் நாடெங்கும் பரப்பப்பட்டது. குறிப்புகளின் உண்மை பற்றி 1921இல் நிருபர் ஒருவர் கேட்டபோது, நடப்பவற்றோடு அவை பொருந்துகின்றன என்பதே ஃபோர்டின் விடையாயிற்று.

பொருந்துகிறதா என்று கேட்டவர்கள் சாமானியர் அல்லர். உலகின் மதிப்புமிக்க நாளிதழும், நுணுக்கமான இயந்திரங்களை இலட்சக்கணக்கில் செய்து விற்ற தொழிலதிபரும் அவ்வினாவிலேயே நின்றுவிட்டனர். போர் வரும், பஞ்சம் வரும், பத்திரிகைகள் பணத்துக்கு அடிமையாகும், அரசர்கள் வீழ்வர் என்று எழுதிவைத்தால், எந்த நாட்டிலும் எந்த நூற்றாண்டிலும் பொருந்தத்தான் செய்யும். குறி சொல்வோனின் திறமை அது. பொருந்துகிறதா என்னும் வினா, படிப்பவரின் அச்சத்தை அளக்கும் கோலேயன்றி ஏட்டின் உண்மையை அளக்கும் கோல் அன்று. இது எங்கிருந்து வந்தது என்னும் வினாவோ எவருடைய அச்சத்தையும் பொருட்படுத்தாது.

அந்த இரண்டாம் வினாவுக்கு விடை 1921இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. ‘டைம்ஸ்’ இதழின் அந்நகர நிருபர் பிலிப் கிரேவ்ஸ். அவரிடம், நாடிழந்து வந்திருந்த ரஷ்யர் ஒருவர் பழைய பிரெஞ்சு நூல் ஒன்றைக் கொணர்ந்தார். முகப்புத் தாள் கிழிந்துபோன சிறிய நூல். ரஷ்ய இரகசியக் காவல்துறையில் பணியாற்றிய ஒருவரிடமிருந்து மற்ற பழைய நூல்களோடு விலைக்கு வாங்கியது. கிரேவ்ஸ் அதனையும் ‘மூப்பர் குறிப்புகளை’யும் அருகருகே வைத்துப் படித்தார். பத்தி பத்தியாக ஒன்றை மற்றொன்று பின்பற்றியிருந்தது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் தேடியதில் பெயர் இழந்த அந்நூல் எது என்பதும் தெரிந்தது.

அது மோரிஸ் ஜோலி என்னும் பாரிஸ் வழக்கறிஞர் 1864இல் எழுதிய ‘நரகத்தில் மாக்கியவெல்லிக்கும் மாண்டெஸ்கியூவுக்கும் நடந்த உரையாடல்’. அன்று பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோன்மையை மறைமுகமாகச் சாடுவதற்காக, இறந்துபோன இரு அரசியல் அறிஞர்களைக் கீழுலகில் உரையாட வைத்தார் ஜோலி. நூலை வெளிநாட்டில் அச்சிட்டுப் பிரான்சுக்குள் கடத்தியபோது காவலர் கைப்பற்றினர். ஆசிரியருக்குப் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்நூலுக்கும் யூதர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பேரரசன் ஒருவன் தன் மக்களை எவ்வாறு ஏய்க்கிறான் என்று மாக்கியவெல்லியின் வாயில் ஜோலி வைத்த சொற்களை எடுத்து, கற்பனையான யூத மூப்பர் ஒருவரின் வாயில் வைத்ததே போலி செய்தவர்களின் வேலை. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில், நூலின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஜோலியிடமிருந்து எடுக்கப்பட்டது என்று நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் கணக்கிட்டார்.

அவ்விடங்களுள் ஒன்று தமிழர்களுக்குத் தனிச்சுவை பயப்பது. பத்திரிகைகள் அனைத்தையும் தன் கைப்பிடியில் வைத்திருக்கப்போகும் ஆட்சியை வருணிக்கையில் ஜோலி, விஷ்ணு என்னும் தெய்வத்தைப்போல அதற்கு நூறு கரங்கள் இருக்கும் என்று எழுதினார். திருமால் நான்கு கரத்தோடு கோயில்களில் நிற்பதை இந்நாட்டுக் குழந்தையும் அறியும். விசுவரூபத்தில் எண்ணிறந்த கரங்கள் என்பர். நூறு என்னும் கணக்கு இங்கு வழங்குவதன்று. பாரிஸ் வழக்கறிஞர் எங்கோ அரைகுறையாகக் கேட்டதை எழுதிவிட்டார் போலும். ‘மூப்பர் குறிப்புகளில்’ பன்னிரண்டாம் பேச்சில், பத்திரிகைகளைப் பற்றிய அதே இடத்தில், அதே விஷ்ணு அதே நூறு கரங்களோடு வந்து நிற்கிறார்! உலகை வளைக்கக் கூடிய யூத மூப்பர்களுக்கு இந்தியத் தெய்வத்தை உவமை கூற வேண்டிய தேவை என்ன? அவ்வுவமையிலும் பாரிஸ்காரரின் கணக்கையே கொள்வது எவ்வாறு?

ஏட்டுச்சுவடிகளைப் போற்றிக் காத்த குடும்பங்களுக்கு இவ்வாய்வு முறை புதிதன்று. ஒருவர் ஏடு எழுதுகையில் செய்த பிழை, அவர் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்ட எல்லா ஏடுகளிலும் தொடரும். இரண்டு சுவடிகள் சரியானதில் ஒத்திருந்தால் அதனால் ஒன்றும் விளங்காது. பிழையில் ஒத்திருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது எனலாம். உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியும், பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணப் பெரியோர்களை வினவியும் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாறு இவ்வவையினர் அறியாததன்று. கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு செய்தியாளர் செய்ததும் அதுவே. 1921 ஆகஸ்டு 16, 17, 18 ஆகிய மூன்று நாள்களில் ‘டைம்ஸ்’ அவருடைய கண்டுபிடிப்பை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் தன் பக்கங்களிலேயே எழுந்த ஐயத்துக்குத் தானே முடிவு கூறியது. அவ்விதழுக்கு இது பெருமையே.

எஞ்சியவற்றுள் ஒரு பகுதிக்கும் மூலம் உண்டு. யூத மூப்பர் மறைவாகக் கூடுதல் என்னும் காட்சியே ஒரு நாவலிலிருந்து பிறந்தது. ஹெர்மன் கோட்ஷே என்னும் பிரஷ்ய அஞ்சல் அலுவலர், அரசியல் தலைவர் ஒருவரைச் சிக்க வைக்கப் பொய்க் கடிதங்களைப் பயன்படுத்திய விவகாரத்தில் 1849இல் வேலையிழந்தவர். பின்னர் ‘சர் ஜான் ரெட்கிளிஃப்’ என்ற ஆங்கிலப் புனைபெயரில் நாவல்கள் எழுதினார். 1868இல் வெளிவந்த ‘பியாரிட்ஸ்’ என்னும் நாவலில், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தாரின் பிரதிநிதிகள் பிராக் நகர யூத இடுகாட்டில் நள்ளிரவில் கூடிச் சதி பேசுவதாக ஓர் அத்தியாயம் அமைத்தார். அவ்வத்தியாயம் தனிப் பிரசுரமாக ரஷ்யாவில் வந்தது. பிறகு 1881இல் பிரெஞ்சு இதழ் ஒன்று, பலர் பேசியதை ஒருவரே பேசியதாகச் சுருக்கி, உண்மைச் செய்தியாகவே அதனை அச்சிட்டது. அதனை வெளிப்படுத்தியவர் யார் என்றால், சர் ஜான் ரீட்கிளிஃப் என்னும் ஆங்கில இராஜதந்திரி! நாவலாசிரியரின் புனைபெயரே சாட்சியாகக் கூண்டில் ஏறிவிட்டது.

பொய்யாவணம் எழுதுதலைச் சமண அறநூல்கள் பொதுவான பொய்யோடு கலந்துவிடாமல் தனியே பெயரிட்டுக் கூறியிருத்தல் ஈண்டு நினைக்கத் தக்கது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை அணுவிரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று ‘கூடலேகக் கிரியை’. பிறர் கூறாததைக் கூறியதாக, செய்யாததைச் செய்ததாக எழுதி வைத்தல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலோ அதற்கு முன்னதாகப் ‘பைசுன்யம்’ என்னும் கோள் கூறுதல் வைக்கப்பட்டுள்ளது. எழுதுபவரும் எடுத்துச் செல்பவரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். குறிப்புகளை எழுதிய கை யாருடையது என்பதில் இன்றளவும் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவில்லை. எடுத்துச் சென்றவர்களின் பெயர்களோ ஏராளமாகக் கிடைக்கின்றன.

யூதரைப் பற்றிய உண்மையான ஆவணம் எத்தகையதாய் இருக்கும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரி யூதர் வழிபாட்டு மனையைச் சேர்ந்த செப்பேடுகள் உள்ளன. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, யூசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் உள்ளிட்ட எழுபத்திரண்டு உரிமைகளை அளித்த சாசனம் அது. பழந்தமிழோடு நெருங்கிய மொழியில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அளித்தவர் பெயர் உண்டு. பெற்றவர் பெயர் உண்டு. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காளம் என உரிமைகள் பொருள் பொருளாகக் கூறப்பட்டுள்ளன. முடிவில் சாட்சிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அதன் காலம் கி.பி. 379 என்பது கொச்சி யூதர்களின் வழிவழி நம்பிக்கை. எழுத்தின் வடிவையும் மன்னனின் காலத்தையும் ஆய்ந்த அறிஞர்களோ ஏறத்தாழக் கி.பி. 1000 என்று முடிவு கூறினர். அறுநூறு ஆண்டுப் பழமை குறைந்தது. ஆயினும் ஆவணத்தின் உண்மை குறையவில்லை. பகைவர் கூறும் கதைக்கு மட்டுமன்றி, ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே போற்றும் மரபுக்கும் இதே உரைகல்தான்.

போலி வெளிப்பட்டபின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதே இவ்வரலாற்றின் கொடிய பகுதி. ஃபோர்டு, தம்மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கின் நெருக்கடியில் 1927இல் மன்னிப்புக் கோரி, இதழையும் அவ்வாண்டு இறுதியில் மூடினார். ஆனால் அவ்விதழின் கட்டுரைகள் நூல் வடிவில் ஜெர்மன் மொழியில் அச்சாகிப் பரவிக்கொண்டேயிருந்தன. ஹிட்லர் தம் ‘மைன் காம்ஃப்’ நூலில் இன்னும் விந்தையான வாதம் ஒன்றை வைத்தார். இக்குறிப்புகள் போலி என்று ஃபிராங்க்ஃபர்ட் நாளிதழ் ஓயாது கூறுவதே அவை உண்மை என்பதற்குச் சான்று என்றார். இதைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்புக்கொண்டால் குற்றம் உறுதி. மறுத்தால் அதனினும் உறுதி. ஷில்லோன் கோட்டையில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு முன்னால் இருந்த வழிகளும் இவ்விரண்டே. எந்தச் சான்றாலும் பொய்யென நிறுவ இயலாதபடி அமைக்கப்பட்ட கூற்று, அக்காரணத்தாலேயே அறிவின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் யூத அமைப்புகள் இந்நூலைப் பரப்பிய நாஜி ஆதரவாளர்மீது வழக்குத் தொடுத்தன. வல்லுநர்கள் சாட்சியம் அளித்தனர். பாசல் மாநாட்டில் கலந்துகொண்டோரும் வந்து கூறினர். 1935 மே 14இல் நீதிபதி வால்டர் மேயர், குறிப்புகள் போலி என்றும் களவாடிய எழுத்து என்றும் தீர்ப்பளித்தார். 1937இல் மேல்முறையீட்டு மன்றம், வழக்கிற்குப் பயன்படுத்திய சட்டம் இத்தகைய அரசியல் நூலுக்குப் பொருந்தாது என்னும் காரணத்தால் தண்டனையை நீக்கியது. நூல் உண்மையென்று அம்மன்றம் கூறவில்லை; ஆயினும் எதிர்த்தரப்பினர் அதையே தம் வெற்றியாகப் பறைசாற்றினர். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அக்கொலைக்கு ஒரு நூல் மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனால் பாலூட்டும் தாயையும் பள்ளிச் சிறுவனையும் உலக சதியின் உறுப்பினராகக் காணும் பார்வை, வெகுநாள் பயிற்சியின்றி ஒரு சமுதாயத்துக்கு வாய்ப்பதன்று.

பெயர் மாறினும் அப்பார்வை இன்றும் உலவுகிறது. வாட்டர்லூ போர்க்களத்தை நேரில் கண்டுவிட்டு லண்டனுக்கு விரைந்து, பொய்ச்செய்தி பரப்பிப் பங்குச்சந்தையில் பெரும்பொருள் குவித்தார் நாதன் ராத்ஸ்சைல்டு என்னும் கதை சாமர்த்தியத்திற்கு எடுத்துக்காட்டாகவே பலரால் சொல்லப்படுகிறது. அது 1846இல், போர் நடந்து 31 ஆண்டுகள் கழித்து, ‘சாத்தான்’ என்னும் புனைபெயரில் வெளியான பிரெஞ்சுத் துண்டு நூலிலிருந்து வந்தது. நாதன் வாட்டர்லூவில் இல்லவேயில்லை. பாராட்டாகச் சொன்னாலும் பழியாகச் சொன்னாலும் கதையின் வேர் ஒன்றே. 2018 அக்டோபர் 27இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர யூத வழிபாட்டு மனையில் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், யூதர்களின் அகதிகள் உதவிச் சங்கம் ஒன்று நாட்டை அழிக்கப் படையெடுப்பாளர்களைக் கொண்டுவருகிறது என்று நம்பியவன். அன்று மாண்டவர்களுள் மூத்தவருக்கு வயது 97.

யூதர் ஒருவரின் வணிகத்தையோ, யூத அமைப்பு ஒன்றின் நடத்தையையோ, இஸ்ரேல் அரசின் போரையோ கண்டித்தல் யூதப் பகைமை ஆகாது. அக்கண்டனங்களில் செய்தவருக்குப் பெயர் உண்டு. செயலுக்கு நாள் உண்டு. சான்று காட்டலாம், மறுக்கவும் செய்யலாம். பெயரும் நாளும் இன்றி, ‘அவர்கள்’ என்னும் ஒரு சொல்லால் பிறப்பால் ஒன்றான மக்கள் கூட்டம் முழுவதையும் குறிக்கும் இடத்திலேதான் மூப்பர் குறிப்புகளின் வாடை வீசத் தொடங்குகிறது.

உலகில் சதிகளே இல்லை என்பாரும் உளர். அதுவும் பிழையே. பிரான்சில் ஆல்ஃப்ரெட் டிரைஃபஸ் என்னும் யூதப் படைத்தலைவர், ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை விற்றார் என்று 1894இல் தண்டிக்கப்பட்டுத் தொலைதூரத் தீவில் சிறையிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சான்று போதாது என்ற ஐயம் எழுந்தபோது, உளவுத் துறையைச் சேர்ந்த ஆன்ரி என்னும் அதிகாரி 1896இல் ஒரு கடிதத்தைத் தாமே உருவாக்கினார். அயல்நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் மற்றொருவருக்கு எழுதியதுபோன்ற அக்கடிதத்தில் டிரைஃபஸின் பெயர் வெளிப்படையாக இருந்தது. 1898 ஜூலையில் போர் அமைச்சர் காவெஞ்ஞாக் அதனை நாடாளுமன்றத்தில் படித்துக்காட்டினார். அவருடைய உரை ஊர்தோறும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. நாடே நம்பியது.

அவ்வமைச்சரின் பணியகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை கியூஞ்ஞே என்னும் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டு 13ஆம் நாள் இரவில் அவர் அக்கடிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். கட்டம் போட்ட தாள் அது. கடிதத்தின் தலைப்பும் அடியும் இருந்த பகுதியில் கட்டக் கோடுகள் ஒரு நிறம். நடுப்பகுதியில் வேறொரு நிறம். இரண்டு தாள்களை வெட்டி ஒட்டியிருந்தனர். கியூஞ்ஞே டிரைஃபஸின் ஆதரவாளர் அல்லர். டிரைஃபஸ் குற்றவாளியே என்று அதற்கு முன்னும் நம்பினார், அதற்குப் பின்னும் நம்பினார். ஆயினும் கோடுகளின் நிறம் வேறுபடுவதைக் கண்டதும் மறுநாளே அமைச்சரிடம் சென்று அதனைத் தெரிவித்தார்.